ஒரே பகலில் துருப்பிடித்த பட்டறை

மனிதன் தன் காதைச் சந்தேகிப்பான், நினைவாற்றலைச் சந்தேகிப்பான், வீட்டுக்கு வந்த மருமகனைக்கூடச் சில காலம் சந்தேகிப்பான். தன் கண்ணை மட்டும் அவன் சந்தேகிப்பதே இல்லை. கண் காட்டியதும் உலகில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால், உலகம் பிசகிவிட்டது என்றே தீர்ப்பளிப்பான். இந்த உண்மையை நான் நூல்களில் கற்கவில்லை. ஒரகடத்தில், குளிரூட்டிய ஒரு கூட்ட அறையில், கோட்டு அணிந்த பலர் சூழ அமர்ந்து, சுவர் அகலத் திரையில் பார்த்துக் கற்றேன்.

அப்போது நான் இளைஞன். (அறுபத்திரண்டு வயது. இன்றைய முழங்காலோடு ஒப்பிட்டால் அது இளமையன்றி வேறென்ன?) இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் தொழிற்சாலையின் வண்ணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். காரின் உடலுக்கு அடித்த வண்ணமும், வெளியே ஓர் இடத்திலிருந்து வந்து சேரும் பம்பரின் வண்ணமும் ஒன்றா என்று விளக்கொளியில் நின்று பார்த்துச் சொல்வது என் வேலை. “கலர் சார் ஓகே சொல்ட்டாரா?” என்று லைனில் குரல் எழும். நான் தலையசைத்தால் வண்டி நகரும். இப்படியே பல்லாண்டுகள் தலையசைத்துவந்த ஒருவனுக்கு அந்தத் தலை கழுத்தின்மேல் சாதாரணமாக உட்கார்ந்திருக்காது.

ஓய்வு பெற்றபின் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. முருகன் அதற்கும் வழிவிட்டான். வல்லக்கோட்டையில் கிருத்திகைதோறும் பழம்பாடல்களைப் பாடும் எங்கள் பாராயணக் குழுவில் நானும் ஒருவன். என் மகள் குகப்பிரியா (குகனை வெளியே நிறுத்திவிட்டு இப்போது வெறும் பிரியா) ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியிருந்தாள். சுவாமி புறப்பாட்டை அவள் படம் பிடித்துத் தருவாள். அதற்கு வண்ணம் சேர்க்கும் கலர் கிரேடிங் வேலையையும் எனக்குக் கற்றுத்தந்தாள். கணினியில் மூன்று சக்கரங்கள் இருக்கும். காட்சியின் இருண்ட பகுதிக்கு ஒன்று, நடுத்தர ஒளிக்கு ஒன்று, பளிச்சென்ற பகுதிக்கு ஒன்று. எந்தச் சக்கரத்தை எந்த நிறத்தின் பக்கம் நகர்த்துகிறோமோ, காட்சியின் அந்தப் பகுதி அந்த நிறத்தை ஏற்கும். எந்த நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஓரத்தில் ஒரு கிராஃப் காட்டும்.

நான் மூன்றையும் சிவப்பின் பக்கமே நகர்த்தினேன். வேறு எந்தப் பக்கம் நகர்த்துவேன்? எங்கள் பெருமான் சிவந்தவன். பவள நிறத்தான், காலையில் கடல்மேல் எழும் ஞாயிறு போன்றவன் என்றுதான் பாடிப் பாடி நா தழும்பேறியிருக்கிறது. என் வீடியோவைப் பார்த்த குழுவினர், “கற்பூர ஆரத்தி கண்ணு முன்னால நிக்குது சார்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும், “பின்னால இருக்கிற வேப்பமரம் ஏன் செவப்பா கீது?” என்று கேட்டார். அவருக்குப் பக்தி போதாது என்று முடிவு செய்தோம்.

இந்நிலையில் என் வலக்கண்ணுக்குப் புரை அறுவை நடந்தது. இடக்கண்ணுக்குச் சில மாதம் கழித்து என்றார் மருத்துவர். கட்டுப் பிரித்து வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு திகைப்பு. சுவர், சோறு, வேட்டி எல்லாவற்றிலும் ஒரு குளிர்ந்த நீலம் படர்ந்திருந்தது.

“ட்யூப்லைட்ட மாத்தினியா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“லைட்ட யாரு மாத்தினாங்க? நீங்கதான் கண்ண மாத்திகினு வந்தீங்க” என்றாள் அவள்.

உலகின் தலைசிறந்த கண் மருத்துவர்கள் கூடி எனக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. நான் சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

இனி மருமகன் பிரகாஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரகடத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பவுடர் கோட்டிங் பட்டறை நடத்திவந்தார். இரும்புப் பாகங்களைத் தொட்டியில் கழுவி, அவற்றின்மேல் வண்ணப் பொடியைத் தூவி, ஓவனில் சுட்டெடுப்பது தொழில். நோக்கம் ஒன்றே ஒன்று: இரும்பு துருப்பிடிக்கக் கூடாது. இந்த ஒரு வரியை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் கொள்ளுங்கள். நான் கொள்ளவில்லை.

லாரி பாகங்கள் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று, லாரியின் அடியில் குழாய்களைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்குச் சாம்பல் வண்ணம் பூசித்தர ஆள் தேடியது. அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் புனேயில் பழைய முதலாளியிடமே வேலைக்குப் போய்விடுவதாகப் பிரகாஷ் முடிவு செய்திருந்தார். போனால் தனியாகவா போவார்? என் மகளும், முதல் வகுப்புப் படிக்கும் பேத்தியும் உடன் போவார்கள். ஒருநாள் பேத்தி என்னிடம், “தாத்தா, புனேல முருகன் இருக்காரா?” என்று கேட்டாள். இருக்கிறார் என்று சொல்லவும் மனமில்லை. இல்லை என்று சொல்ல நான் நாத்திகனும் அல்லன்.

நேரில் வந்து பார்ப்பதற்கு முன், பட்டறை ஓடுவதை வீடியோவாக அனுப்பச் சொன்னது கம்பெனி. பிரியாவே படம் பிடித்தாள். வீட்டில் போட்டுக் காட்டினாள். எல்லாம் வெளிறி, விபூதியில் புரண்டு எழுந்ததுபோல் இருந்தது.

“ஃப்ளாட்டா எடுத்திருக்கேம்ப்பா. அப்பத்தான் பின்னால கலர் நல்லா புடிக்கும்” என்றாள். முதல் காட்சியில் பட்டறையின் மூத்த தொழிலாளி முனுசாமி ஒரு சாம்பல் நிற அட்டையை மார்பில் பிடித்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திய ஆள்போல் நின்றார். “அந்த அட்டைய வச்சுத்தான் கலர் செட் பண்ணணும். ஈவினிங் வந்து நானே பண்ணிக்கிறேன்.”

ஆனால் அன்று காஞ்சிபுரத்தில் அவளுடைய நாத்தனாருக்கு வளைகாப்பு. காலையில் கிளம்பிய மகளும் மனைவியும் பேத்தியும் மாலைக்குள் திரும்புவதாக இல்லை. வீடியோவோ மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். நான் வலிய முன்வந்தேன். (வம்பு தானாக வருவதில்லை, இப்படித்தான் நாம் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறோம்.)

போனில் பிரியா, “கிராஃபப் பாத்துப் பண்ணுங்கப்பா. கண்ண நம்பாதீங்க” என்றாள்.

“கண்ணை நம்பாதேன்னு யார்கிட்டம்மா சொல்றே? கலர் சார்கிட்டயா?” என்றேன்.

முதல் காரியமாக முனுசாமியின் அட்டைக் காட்சியை வெட்டி எறிந்தேன். சுப காரியத்தின் தொடக்கத்தில் அப்படியொரு சாம்பல் பலகை எதற்கு? பிறகு சக்கரங்களைத் தொட்டேன். அறுவை செய்த கண் தெளிவாக இருந்ததால் அதைக் கொண்டே பார்த்தேன். காட்சி நீலமாகத் தெரிந்தது. கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். இன்னும் நீலம். மஞ்சள் கலந்தேன். பிடிவாதமான நீலம். கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று கருதி, அரைத்த சந்தனமும் குங்குமமும் சேர்த்தாற்போல் ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் பட்டறை முழுவதும் கருவறையின் நெய்விளக்கு ஒளி பரவிற்று. கண்ணில் நீர் மல்கியது. (மருந்து ஊற்றும் நேரமும் ஆகியிருந்தது.) அந்த உருக்கத்தில் பின்னணியில் ஒரு பாடலையும் நானே பாடிச் சேர்த்துவிடலாமா என்று எண்ணி, தொழில் சார்ந்த வீடியோ என்பதால் என்னை அடக்கிக்கொண்டேன். அன்று நான் காட்டிய ஒரே அடக்கம் அதுதான்.

பிரகாஷ் போன் செய்தார். பின்னணியில் லோடு ஏறும் சத்தம்.

“மாமா, முடிஞ்சுதா?”

“அனுப்பிட்டேன் மாப்பிள்ளை. முருகன் புண்ணியத்துல ஜொலிக்குது.”

“ஜொலிக்கல்லாம் வேணாம் மாமா. சாம்பலா இருந்தா போதும்.”

அவருடைய தன்னடக்கத்தை மெச்சிக்கொண்டு போனை வைத்தேன்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியில் கூட்டம். என் கைவண்ணத்தை உலகம் காணும்போது நான் உடனிருக்க வேண்டும் என்று தோன்றியதால், நெற்றி நிறைய நீறு பூசி மருமகனுடன் சென்றேன். தரப்பிரிவுத் தலைவர் செல்லத்துரை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்து உட்காரவைத்தார். விளக்கை அணைத்தார்கள். வீடியோ ஓடியது.

முதலில் வந்தது, பூச்சு முடிந்து அனுப்பத் தயாராக அடுக்கிய பிராக்கெட்டுகள்.

செல்லத்துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “தம்பி, இது கோட்டிங் அடிக்கதுக்கு முன்னால எடுத்ததா?”

பிரகாஷ் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “இல்ல சார். ஃபினிஷ்டு பார்ட்டு.”

“ஃபினிஷ்டா? அப்பம் ஏன் பூரா துரு அடிச்சுக் கெடக்கு?”

திரையைப் பார்த்தேன். பெரிய திரையில், அவ்வளவு பேர் நடுவில், முதல்முறையாக எனக்கும் அது நெய்விளக்கு ஒளியாகத் தோன்றவில்லை. மழையில் ஒரு வருடம் கிடந்த பழைய இரும்புக்கடை போலத்தான் தோன்றியது.

அடுத்து, பாகங்களைக் கழுவும் தண்ணீர்த் தொட்டி வந்தது.

“இதுல என்ன ஊத்தி வச்சிருக்கீய? ரசமா?”

யாரோ சிரித்தார்கள். அடுத்து ஓவன். பாதுகாப்புப் பிரிவுப் பெண் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “சார், வீடியோவ நிறுத்துங்க! ஓவனுக்குள்ள ஃபயர். பக்கத்துல ஆள் நின்னுகிட்டு இருக்காரு!”

நின்றவர் முனுசாமி. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வேட்டி கட்டியதுபோல் மஞ்சள் பூத்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“இந்த அண்ணாச்சிக்கு மஞ்சக்காமாலையா?” என்றார் செல்லத்துரை. “நோவு வந்த ஆளுக்கு லீவு குடுக்க மாட்டீயளா தம்பி?”

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எழுந்தேன். பாராயணத்துக்கு எழுந்து பழகிய உடம்பு. எழுந்தால் குரலும் தானாக அந்த நடைக்குப் போய்விடுகிறது.

“ஐயா, பொறுத்தருள வேண்டும். அது துருவன்று. இளஞாயிற்றின் செம்மை.”

எல்லா நாற்காலிகளும் என் பக்கம் திரும்பின.

“மாமா, ஒக்காருங்க” என்றார் பிரகாஷ், உதடு அசையாமல்.

“யாருடே இவரு?”

“எங்க மாமா சார். வீடியோவுக்குக் கலர் பண்ணது இவருதான். கலர் ஃபீல்டுல எக்ஸ்பீரியன்ஸ் சார்...” என்று சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. பையிலிருந்து ஒரு பிராக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “நெஜ பார்ட்டு இது சார். பாருங்க.”

வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது அது. செல்லத்துரை அதை என் பக்கம் தள்ளினார். “பெரியவரே, இது என்ன கலர்னு சொல்லும் பாப்போம்.”

பரீட்சையில் நான் தோற்றதில்லை. தொழில்முறைப்படி இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பார்த்தேன். “நீலம் ஏறின சாம்பல்.” உறுதி செய்துகொள்வதற்காக வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் பார்த்தேன். “பழுப்பு ஏறின...”

சொல்லி முடிக்கவில்லை. பொருள் ஒன்று, விளக்கு ஒன்று, பார்ப்பவன் ஒருவன், தீர்ப்பு இரண்டு. ஞாயிறும் திங்களும் இறைவனுக்கு இரு கண்கள் என்று பாடியிருக்கிறேன். அந்தப் பெருமை இப்படியொரு நாளில், இப்படியோர் இடத்தில் எனக்கும் வாய்க்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு கண்ணில் நிலவு, ஒரு கண்ணில் வெயில்.

“ஒத்தக் கண்ணு ஆப்பரேசன் ஆயிருக்கோ?” என்று கேட்ட செல்லத்துரையின் முகம் திடீரென்று மலர்ந்தது. “எங்க அப்பாவும் இப்படித்தான். ஆப்பரேசன் முடிஞ்சு வந்து, வேட்டிக்கு நீலத்த அள்ளிப் போட்டுட்டேன்னு எங்க அம்மைய ஒரு மாசம் ஏசினாவ. புரை விழுந்த லென்சு மஞ்சளா இருக்குமாம். அத எடுத்துட்டா நீலம் தூக்கலாத் தெரியுமாம். டாக்டர் சொன்னாரு. நீரு ஒம்ம கண்ணுல இருந்த நீலத்துக்கு வீடியோவுல செவப்ப ஊத்தியிருக்கீரு!”

அறை முழுவதும் சிரித்தது. தீயை அணைக்க எழுந்த அம்மையாரும் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். பிரகாஷ் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததன் காரணம் அடுத்து வந்தது. “சிரிச்சாச்சு, சரி. ஆனா வீடியோ நேத்தே ஹெட் ஆபீசுக்குப் போயிட்டே தம்பி” என்றார் செல்லத்துரை. “அவங்க இத ‘ரெட் ரஸ்ட்’னு குறிச்சிட்டாவன்னா, நான் சொல்லி எடுக்க மாட்டாவ.”

குறித்தேவிட்டார்கள். பிரியா அன்றே அசல் காட்சியை முறைப்படி வண்ணம் திருத்தி அனுப்பினாள். கிராஃபைப் பார்த்து, முனுசாமியின் அட்டையை வைத்து, அப்பழுக்கில்லாத சாம்பல். அதைப் பார்த்துத் தலைமை அலுவலகம் மேலும் கலவரப்பட்டது. முதலில் துருவோடு ஒரு வீடியோ, மறுநாள் துருவே இல்லாமல் ஒரு வீடியோ. துருவை மறைக்கக் கலரை மாற்றியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. என்னுடையது உண்மை, அவளுடையது பொய்! வாழ்க்கையில் என் வேலையை இவ்வளவு உறுதியாக நம்பியவர்கள் வேறு யாருமில்லை.

இனி ஒரே வழி, சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட். பிராக்கெட்டுகளை ஒரு பெட்டிக்குள் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் உப்புநீரைப் பனிபோல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். திறக்கும்போது எங்காவது சிவப்புத் துரு தென்பட்டால் பட்டறையின் கதை முடிந்தது. அதற்குள் புனேயிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பிரியா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஒருநாள் மட்டும், “அந்த அட்டை ஷாட்ட ஏம்ப்பா வெட்டினீங்க?” என்று கேட்டாள்.

“பாக்க நல்லா இல்லன்னு வெட்டிட்டேம்மா.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் பயன் இருந்திருக்காது.

அந்த வாரங்களில் வல்லக்கோட்டைக்கு நடையாய் நடந்தேன். சந்நிதியில் நின்று, வாய் பழகிய பாட்டைத் தொடங்குவேன். பவளமே என்று வரும். உடனே நிறுத்திவிடுவேன். குன்றிமணி என்று வரும். அதையும் விழுங்குவேன். சிவந்த திருமேனியைக் காட்டு என்று காலமெல்லாம் கெஞ்சியவன், “முருகா, இந்த ஒரு தடவை மட்டும் சிவப்பாகத் தரிசனம் தந்துவிடாதே. குறிப்பாக அந்த உப்புப் பெட்டிக்குள் தராதே” என்று வேண்டிக்கொண்டேன். பாட்டில் பாதியை விட்டுவிட்டுப் பாடுகிறேன் என்று குழுவில் புகார் எழுந்தது.

பெட்டியைத் திறந்த அன்று பிரகாஷ் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் செய்தார். பிரியா ஸ்பீக்கரில் போட்டாள். “ஒரு புள்ளி இல்ல பிரியா. சாம்பல்னா சாம்பல், அப்படியே இருக்கு” என்றார். அடுத்த நொடி குரலைத் தாழ்த்தி, “மாமாகிட்ட குடு” என்றார். வாங்கினேன். “சாப்டீங்களா மாமா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆர்டர் கிடைத்தது. ஷெட் ஒரகடத்திலேயே இருக்கிறது; பேத்தி இங்கேயே ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஆனால் தலைமை அலுவலகம் ஒரு முறை சந்தேகப்பட்டால் பட்டதுதான். இந்தப் பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு லாட்டிலும் சிலவற்றை எடுத்து, வேறு எவருக்கும் இல்லாத அந்த உப்புச் சோதனையைச் செய்தே தீர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அது இன்றுவரை நீங்கவில்லை.

சென்ற வாரம் ஒரு மதியம் பட்டறைக்கு நடந்துகொண்டிருந்தபோது, பழக்கமில்லாத குட்டியானை லோடு வண்டி ஒன்று அருகில் வந்து நின்றது. “ஷெட்டுக்கா பெர்சு? ஏறிக்கோ” என்றார் டிரைவர். வேலைக்குப் புதியவர். ஆய்வுக்கூடத்துக்குச் சாம்பிள் எடுத்துப் போகும் வேலை என்றார்.

“என்ன சாம்பிள்?” என்றேன்.

“மாமனார் டெஸ்ட்டுக்கு.”

“அது என்னப்பா அப்படி ஒரு டெஸ்ட்?”

“இங்க அல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. ஓனருக்கு ஒரு மாமனாராம். நல்லாகீற மாலுக்குக் கம்ப்யூட்டர்லயே துரு புடிக்க வச்சிட்டாராம். அதுலர்ந்து இன்னா லோடு போனாலும் இந்த டெஸ்ட்டு. நம்மளுக்கு வாரத்துக்கு ஒரு ட்ரிப்பு.” ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். “ஆனா ஒண்ணு பெர்சு. அவ்ளோ பண்ணப்புறமும் அந்தாள வூட்ல வச்சிகினு சோறு போட்டிருப்பாங்கன்னா நெனைக்கிற?”

வண்டி ஷெட்டின் வாசலில் நின்றது. உள்ளிருந்து பிரகாஷ் வெளியே வந்து, “வாங்க மாமா, எல போட்டாச்சு” என்றார்.

“போடறாங்கப்பா” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.